முதல் மூன்று வினாடி

காலை எட்டு ஐம்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் துணிப்பை. பள்ளியின் பின்பக்கச் சுவரை ஒட்டி, சாக்கடை மூடியின் மேல் இருந்தது. அதன் பக்கத்தில் நின்ற பெண்ணை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். கை கூப்பவில்லை. வலது உள்ளங்கையைச் சுவரில் வைத்து, தலையை லேசாகச் சாய்த்து நின்றார். அவர் தலைக்கு நேர் மேலே, சுவரைத் தாண்டி ஒரு குழாய் ஒலிபெருக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கணபதி பகுதியில் அந்த வீட்டுக்குக் குடிவந்து அது மூன்றாம் நாள். சென்னையில் ஏழு வருடம் இருந்துவிட்டு, பத்திரிகையின் கோவைப் பதிப்புக்கு மாற்றலாகி வந்திருந்தேன். நான் படித்த பள்ளிக்குப் பின்தெருவில் வீடு அமைந்தது தற்செயல். வாடகை குறைவு, தண்ணீர் வரும், அவ்வளவுதான் விசாரித்தேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. பிரேயர் பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியை ஒரு பெண் தனியாகப் பாடினாள். அடித்தொண்டையில் கொஞ்சம் சொரசொரப்பு. இரண்டாவது வரியில் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பாட்டை எங்கள் மியூசிக் மிஸ்ஸே எழுதி மெட்டுப் போட்டார். அந்தப் பள்ளியைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. நான்காவது வரி வந்த பிறகுதான், தனியாகப் பாடிய பெண் யார் என்று எனக்குப் புரிந்தது. அது நான். பதினான்கு வயதில்.

கையிலிருந்த ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு மறுபடி கீழே பார்த்தேன். பாட்டு முடிந்திருந்தது. அந்தப் பெண் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு திரும்பினார். முகம் தெரிந்தது. என்னோடு பாடிய தோழியின் அம்மா. தோழி இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

பாட்டுக் குழுவில் நான் சேர்ந்தது பாட்டுக்காக அல்ல. ஒன்பதாம் வகுப்பில் முதல் பதினைந்து நிமிடம் கணக்கு வீட்டுப்பாடம் பார்ப்பார்கள். பிரேயர் குழுவில் இருப்பவர்கள் ஆர்மோனியத்தையும் மைக்கையும் எடுத்து வைத்துவிட்டுத் தாமதமாகப் போகலாம். அது ஒன்றுதான் காரணம்.

எனக்குக் குரல் என்று ஒன்று இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. அப்பா மில்லில் நிரந்தர நைட் ஷிப்ட். பகல் முழுக்கத் தூங்குவார். ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. மதியம் இரண்டு மணி வரை அம்மாவும் நானும் கிசுகிசுவென்றுதான் பேசுவோம். தட்டம் கீழே விழுந்தால் இருவரும் அசையாமல் நின்று அப்பாவின் மூச்சைக் கவனிப்போம். அந்தப் பழக்கம் பள்ளிக்கும் என்னோடு வந்தது. பெயர் கூப்பிட்டால் நான் “உள்ளேன்” சொல்வது பக்கத்து பெஞ்சுக்குக் கூடக் கேட்காது. இரண்டு முறை வருகைப் பதிவேட்டில் வராதவள் ஆகியிருக்கிறேன்.

மியூசிக் மிஸ் என் குரலைக் கேட்டுப் பார்த்தார். கேட்கவில்லை. மாவட்டப் போட்டிக்குக் குழுவில் பத்துப் பேர் வேண்டும், ஒன்பது பேர்தான் இருந்தார்கள். நான் நின்று வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றார். அப்படித்தான் பத்தாவது ஆள் ஆனேன். மற்றவர்களுக்கு இது பெரிய கொண்டாட்டம். “ஊமைப் படம் ஓடுதுடி” என்று முதல் வரிசையில் ஒருத்தி சொல்வாள். “டிக்கெட் எடுத்தியா?” என்பாள் இன்னொருத்தி.

மிஸ் வாரத்தில் இரண்டு நாள் உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தரையில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பார். அவருடைய கண் விரல்களை விட்டு நகராது. நிமிர்ந்து எங்களுக்குச் சைகை காட்ட முடியாது. அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டைத் தொடங்குவதற்கு முன் ஒருத்தி மூக்கால் நன்றாகக் கேட்கும்படி ஒரு மூச்சை இழுப்பாள். அந்த மூச்சு முடிகிற இடத்தில் எல்லோரும் வாய் திறக்க வேண்டும். இதற்கு ‘மூச்சு கொடுப்பது’ என்று பெயர். காலையில் வரிசையில் நிற்கும்போது, “மூச்சு யாருடி இன்னிக்கு?” என்று கேட்டுக்கொள்வோம். கேட்பது பேச்சுக்குத்தான். எப்போதும் அவள்தான், அந்தத் தோழி.

அவளுடைய மூச்சு நீளமானது. இழுக்கும்போது இடது தோள் கொஞ்சம் உயரும். நான் அவளுக்கு வலது பக்கத்தில் நிற்பேன். வாயசைப்பவளுக்கு மூச்சு தேவையில்லை. ஆனால் அவள் இழுக்கும்போது நானும் இழுக்க ஆரம்பித்திருந்தேன். உள்ளே போன காற்று எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும். இரண்டு மாதத்தில் ஒரு நாள் அது சத்தமாக வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும், சாயங்காலம் வீட்டுக்கு வா என்று மட்டும் சொன்னாள்.

அவள் வீடு ஒரு லேத் பட்டறையின் சுவரை ஒட்டிய வீடு. இரும்பு சீவுகிற சத்தத்தில் சொந்தப் பேச்சே கேட்காது. அவள் அம்மா அப்போது வீட்டிலேயே மோட்டாருக்கு ‘காயில்’ என்கிற கம்பிச்சுருள் சுற்றிக்கொண்டிருந்தார். செம்புக் கம்பியை விரலால் எண்ணிச் சுற்றுவார், எங்களைப் பார்க்க மாட்டார். “சத்தமாப் பாடு அம்மணி, லேத்தை மீறிக் கேக்கோணும்” என்பார். அந்த வீட்டில்தான் நான் முதல்முறையாக வாயைத் திறந்து பாடினேன். அங்கே யாரும் தூங்கவில்லை. எவ்வளவு கத்தினாலும் யாரும் எழுந்துவிட மாட்டார்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்பும்போது தொண்டை எரியும். அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடக் கடைசியில் பாட்டைப் பதிவு செய்வதென்று முடிவானது. மிஸ்ஸுக்கு வேறு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. அவர் போனாலும் பாட்டு இருக்கட்டும் என்று தலைமை ஆசிரியை நினைத்தார். கல்யாண மண்டபங்களுக்கு சவுண்ட் செட் போடும் ஒருவர் கருவிகளோடு வந்தார். அது கரண்ட் கட் காலம். எங்கள் பகுதிக்கு அன்று பத்து மணிக்குப் போனால் பன்னிரண்டுக்குத்தான் வரும். பத்துக்குள் முடிக்க வேண்டும்.

முதல் வரி அவளுக்குத்தான். ஒரு மாதம் அவள்தான் பாடிப் பழகியிருந்தாள். அன்று காலை கழுத்தில் மப்ளரோடு வந்து நின்றாள். தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. மிஸ் அவளைப் பாடச் சொன்னார், காற்று மட்டும் வந்தது. மணி ஒன்பது நாற்பது. மிஸ் வரிசையைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தோழி என் முழங்கையைப் பிடித்து மைக்குக்கு முன்னால் தள்ளினாள். மிஸ் என்னைப் பார்த்து, “உனக்கு வருமா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஆர்மோனியத்தை எடுத்துவிட்டார்.

எனக்குத் தொடங்கத் தெரியவில்லை. இரண்டு முறை தவறான இடத்தில் வாய் திறந்தேன். மூன்றாவது முறை அவள் மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் போய்விட்டாலும் மூச்சு இருந்தது. இழுத்தாள். அது முடிந்த இடத்தில் நான் பாடினேன். இருமல் வந்துவிடும் என்று அவள் உடனே பின்னால் நகர்ந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். பாட்டு முடிந்து திரும்பினேன். அவள் அங்கே நின்று வாயை மட்டும் அசைத்திருந்தாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஊமைப் படம் என்று அன்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது ஐம்பத்தேழுக்கு கரண்ட் போனது, மூன்று நிமிடம் முன்னதாகவே.

ஆண்டு மலர் அதற்கு முன்பே அச்சுக்குப் போயிருந்தது. அதில் எங்கள் குழுவின் படத்துக்குக் கீழே ‘தனிக்குரல்’ என்று போட்டு அவள் பெயர் இருந்தது. மிஸ்ஸிடம் சொல்லித் திருத்தச் சொல்லலாம் என்றாள் அவள். நான் வேண்டாம் என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. நான் தட்டிப் பறித்தேன் என்று மற்றவர்கள் பேசுவார்களோ என்ற பயம். பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு எத்தனையோ திருத்தங்களை நானே எழுதியிருக்கிறேன், தவறான படம், தவறான பெயர், தவறான ஊர். இந்த ஒன்று மட்டும் வெளிவரவே இல்லை.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் இறந்தாள். நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். அடக்கம் முடிந்த பிறகுதான் செய்தி வந்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பதினோரு வருடம் ஓடிவிட்டது.

இதற்கிடையில் நான் செய்தியாளர் கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறவளாக மாறியிருந்தேன். அறையின் கடைசி வரிசையிலிருந்து கேட்டாலும் மேடைக்குக் கேட்கும். குரலுக்காகவே உன்னை அனுப்புகிறோம் என்று தலைமை நிருபர் ஒருமுறை கிண்டல் செய்திருக்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மூக்கால் ஒரு மூச்சை இழுப்பேன். இடது தோள் கொஞ்சம் உயரும்.

மாடியிலிருந்து பார்த்த முதல் நாளுக்குப் பிறகு ஒன்பது வேலைநாள் நான் கீழே இறங்கவில்லை. தினமும் எட்டு ஐம்பதுக்கே வந்துவிடுவார். பை, செருப்பு, சுவரில் கை. பாட்டு முடிந்ததும் போய்விடுவார். நான் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் கொஞ்சம் குனிந்துகொள்வேன். இறந்த மகளின் குரல் என்று நினைத்து என் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். மகள் பெயரை அச்சில் பார்த்திருப்பார், வேறெப்படி நினைப்பார்? அந்த ஒன்பது நாளும் பாட்டின் முதல் வரி வரும்போது, அவள் பேர் போட்ட ஏதோ ஒன்று எனக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருந்தது.

பத்தாவது நாள் இறங்கிப் போனேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது.

“ஏனுங்ம்மா, என்னைத் தெரியுதுங்களா?” என்றேன்.

“பாட்டு முடியட்டும் கண்ணு” என்றார், திரும்பாமல்.

முடிந்ததும் பார்த்தார். “லேத்துக்குப் பக்கத்துல கத்திக் கத்திப் பாடுன புள்ளதான நீ? இளைச்சுப் போட்டயே.”

வீட்டில் காயில் சுற்றுவதை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளி ஒரு மோட்டார் கம்பெனியில் அதே கம்பி சுற்றும் வைண்டிங் வேலைக்குப் போகிறார். ஒன்பது மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் முதலாளி கண்டுகொள்வதில்லை. நாங்கள் போன பிறகு பல வருடம் பிள்ளைகளே பிரேயரைப் பாடினார்கள். கொரோனா முடிந்து பள்ளி திறந்தபோது கூடி நின்று பாடக் கூடாது என்று பழைய பதிவைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வழியாக வேலைக்குப் போனவர் ஒரு நாள் அதைக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து இதே இடம். முன்வாசலில் பஸ் சத்தம், இங்கே நின்றால் தெளிவாகக் கேட்கும். தினமும் பிரேயருக்கு வருகிறீர்களே, அட்டெண்டன்ஸ் போட்டுவிடலாமா என்று வாட்ச்மேன் கேட்பாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பிறகு, “இதுல அவ இருக்கறா கண்ணு” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து பாட்டை மாற்றப் போகிறார்களாம், வாட்ச்மேன் சொன்னாராம். இப்போது படிக்கிற பிள்ளைகளை வைத்துப் புதிதாகப் பதிவு செய்துவிட்டார்கள். ஒரு காப்பி கேட்கலாம் என்று போனவரை அலுவலகத்தில் உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள். “நீ பேப்பர்ல இருக்கறவ. நீ கேட்டாத் தருவாங்க. என்ற போன்ல போட்டுக் குடு, அது போதும் எனக்கு.”

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்குப் போனேன். பழைய மாணவி என்றதும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். கம்ப்யூட்டர் மிஸ், என்னைவிட வயது குறைந்தவர், ஒயரைச் செருகி என் போனில் கோப்பை ஏற்றினார். இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி. சரியாக இருக்கிறதா என்று கேட்டார். ஓட்டிப் பார்க்காமலே சரி என்றேன். என் குரலை அவர் முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அலுவலகத்தில் இணையப் பதிப்புக்கு நிருபர்கள் அனுப்பும் ஒலித்துண்டுகளைச் சீர்செய்வதும் என் வேலை. எல்லாத் துண்டுக்கும் முன்னால் கொஞ்சம் இரைச்சல் இருக்கும், நாற்காலி நகரும், யாராவது தொண்டையைக் கனைப்பார்கள். பேச்சு தொடங்கும் இடம் வரை வெட்டிவிடுவோம். வெட்டியதைப் பழைய கோப்பின் மேலேயே சேமிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் விதி. இரண்டு கோப்பு இருந்தால் அவசரத்தில் தவறானது ஏறிவிடும். ஒருமுறை அப்படி ஏறி வம்பாகியிருக்கிறது.

சனிக்கிழமை மதியம், மற்ற துண்டுகளோடு சேர்த்து இதையும் வழக்கம்போல் போனிலேயே திறந்தேன். நல்லபடியாகக் கொடுக்க வேண்டும் என்றுதான். ஹெட்போன் போடவில்லை. ஒலியின் அலைக்கோடு திரையில் தெரிந்தால் போதும், வெட்ட வேண்டிய இடம் கண்ணுக்கே தெரியும். முன்னால் மூன்று வினாடிக்குக் கோடு ஏறக்குறைய தட்டையாக இருந்தது, நடுவில் ஒரு சின்ன மேடு. பிறகு என் குரல் செங்குத்தாக எழும்பியது. அந்த மூன்று வினாடியை வெட்டினேன். பழையதன் மேல் சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதுக்கே கீழே போய் நின்றேன். அன்று அவரும் முன்னதாகவே வந்தார். பையை வைத்தார், செருப்பைக் கழற்றினார். அவருடைய போனுக்குக் கோப்பை அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததும், அவர் அழுத்துவதற்கு முன்னால், சொல்லிவிட்டேன்.

“அதுல மொதல் வரி தனியாப் பாடறது அவ இல்லீங்ம்மா. நானுங்க. புஸ்தகத்துல தப்பாப் போட்டுட்டாங்க. நானும் சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “தெரியும் கண்ணு” என்றார். “அன்னிக்கே ஊட்டுக்கு வந்து சொன்னா. பேச்சு வரல அவுளுக்கு, காலண்டர்த் தாள்ல எழுதிக் காட்டுனா. பாட்டு உன்றது. மூச்சு மட்டுந்தான் அவுளுது.”

போனைக் காதில் வைத்துக்கொண்டார். பாட்டை முழுவதும் கேட்கவில்லை. சில வினாடியில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து போட்டார். மறுபடி நிறுத்தினார். நான்கு முறை.

“முன்னாடி ஒரு மூச்சு வருமே” என்றார். “அதைக் காணமே.”

எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. புதிய பதிவு. நிறையப் பிள்ளைகள், கீபோர்டு, தெளிவான ஒலி. அவர் சுவரில் கை வைக்கவில்லை. நான் முன்வாசலுக்கு ஓடினேன்.

கம்ப்யூட்டர் மிஸ் பிரேயர் முடிந்து அறைக்கு வந்ததும் தேடினார். மணி அடிப்பதும் பாட்டுப் போடுவதும் தானாக நடக்கிற ஏற்பாடு. குறிப்பிட்ட ஒரு பெயருள்ள கோப்பைத்தான் அது எடுத்து ஒலிபரப்பும். அதனால் புதிய பதிவுக்கும் அதே பெயர் வைத்து, சனிக்கிழமை பழையதன் மேல் ஏற்றியிருந்தார்கள். அழித்தவை கிடக்கும் இடத்தில் இல்லை. சவுண்ட் செட்காரர் கொடுத்த சிடி இருந்த அலமாரியைக் கொரோனா சமயத்தில் காலி செய்துவிட்டார்கள். என் போனை வாங்கி மிஸ்ஸே தேடிப் பார்த்தார். இரண்டு நிமிடம் பதினொரு வினாடிக் கோப்பு ஒன்றுதான் இருந்தது.

திரும்பி வந்தபோது தோழியின் அம்மா அங்கேயே நின்றிருந்தார். செருப்பைப் போட்டிருந்தார். நான் வெட்டினேன், பாட்டு இல்லாத இடம் என்று நினைத்து வெட்டினேன், பள்ளியிலும் இல்லை என்று சொன்னேன். ஒவ்வொன்றாக, கேள்வி கேட்கிற குரலில் அல்ல, வீட்டில் பேசுகிற குரலில்.

“எத்தன நேரம் இருக்கும் அது?” என்று கேட்டார்.

“மூணு வினாடிங்க.”

தலையை ஆட்டினார். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

எங்கள் குழுவில் பத்துப் பேர். அவர் போனில் இருக்கும் பதிவில் ஒன்பது பேர் இருக்கிறார்கள்.